மனப்புண் ஆறுதலும் ஊரின் நலமும்

(ஆலய பரிபாலன சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர்)

இவ்வாண்டு மலரில் அடியார்களோடு ஒரு கேள்வியைப் பகிர்ந்து கொள்ள விரும்புகின்றேன். சென்ற திருவிழாக் காலத்தில் கூட்டம் முடிந்து மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். "ஐயா, கோயிலுக்கு வாற ஆக்கள் எல்லாரும் தங்கட கவலையைச் சொல்லித்தான் கும்பிடுறாங்க. ஊருக்காகக் கும்பிடுற ஆள் ஆரு?"

கேள்வியில் நியாயம் இருந்தது. நாம் மேடையில் சமூகத் தொண்டு பற்றிப் பேசுகின்றோம். சந்நிதியில் நிற்கும் தாயோ, "என் மனப்பாரத்தை இறக்கி வை" என்று மட்டுமே வேண்டுகின்றாள். இது சுயநலமா? தன் மனத்தை ஆற்றிக் கொள்வதும் ஊருக்கு உழைப்பதும் இரு வேறு பாதைகளா? இதற்கு விடை தேடியபோது என் நினைவுக்கு முதலில் வந்தவர் திலகவதியார்.

சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தை நாம் ஆலயங்களில் கேட்டிருக்கின்றோம். திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்தவர் திலகவதியார். கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவருக்கு அவரை மணம் பேசினார்கள். மணம் நிகழுமுன்னே கலிப்பகையார் போருக்குச் சென்றார். இதற்கிடையில் தந்தை இறந்தார், தாயும் உடன் சென்றார். போர்க்களத்திலிருந்து கலிப்பகையாரின் மரணச் செய்தியும் வந்தது. உயிரை விடத் துணிந்த அந்த இளம்பெண்ணின் காலில் விழுந்து அழுதவர் தம்பி மருள்நீக்கியார். அவருக்காகவே அம்மையார் உயிர் தாங்கினார். பிற்காலத்தில் திருவதிகையில் திருவலகிட்டும், மெழுகியும், மலர்மாலை தொடுத்தும் வாழ்ந்தார்.

போரினால் வாழ்விழந்த பெண்ணின் கதை நம் ஊர்களுக்குப் புதிதல்ல. இக்கதையிலே நான் கவனிப்பது ஒன்று உண்டு. அம்மையாரின் துயரை முதலில் நிறுத்தியது உபதேசம் அன்று, அவரை நம்பி நின்ற ஓர் உயிர். பின்பு அந்தத் தம்பி வேற்றுச் சமயம் புகுந்து, சூலை நோயால் துடித்து, ஓரிரவில் தமக்கையின் காலடிக்கு வந்தார். "அன்று என்னை விட்டுப் போனாயே" என்று அம்மையார் ஒரு சொல்லும் கடியவில்லை. திருநீறு கொடுத்து, கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோய் தீர்ந்த தம்பி திருநாவுக்கரசர் ஆனார், கையில் உழவாரம் எடுத்தார். ஒருவரின் மனம் ஆறியதால் இன்னொருவர் பிழைத்தார், அவரால் தமிழ் நாடெங்கும் கோயில் முற்றங்கள் துப்புரவாயின.

இனி நமது ஊருக்கு வருவோம். குறிஞ்சாக்கேணியையும் சுற்றியுள்ள ஊர்களையும் யுத்தம் வருத்தியது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது, கிண்ணியா வைத்தியசாலையே அலையில் சிதைந்தது. 2021 நவம்பர் 23ஆந் திகதி காலை நடந்ததை யாரும் மறக்கமாட்டார்கள். பாலம் கட்டும் வேலை நடந்து கொண்டிருந்ததால் மக்கள் படகுப்பாதையிலே களப்பைக் கடந்து வந்தார்கள். அன்று அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தார்கள், பின்னர் அத்தொகை கூடியது. கரையில் கிடந்த புத்தகப் பைகளைக் கண்டவர்களுக்குச் சாதி, சமயம் நினைவில் வரவில்லை. சற்று நேரத்தில் அத்துயரம் கோபமாக மாறி வீதிக்கு வந்தது, அரசியல்வாதி ஒருவரின் வீடும் தாக்கப்பட்டது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஆற்ற ஆளில்லாத துயரம் எவ்வளவு விரைவாகக் கல்லைத் தேடுகின்றது என்பதையும் அன்று கண்டேன்.

இதைப் பிறரைப் பற்றிச் சொல்லுமுன் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டுக் குழப்பத்திலே என் தம்பி வீட்டிலிருந்து போனான், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா ஒவ்வொரு இரவும் அவனுக்கு ஒரு பிடி சோறு மூடி வைத்தாள். நான் அவனைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தினேன். காலையில் அலுவலகம், மாலையில் கோப்புகள். மனைவி பிள்ளைகளிடம் சிடுசிடுப்பு. அலுவலகத்தில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி விடுவேன். "கண்டிப்பான உத்தியோகத்தர்" என்று மெச்சினார்கள். அது கண்டிப்பு அல்ல, ஆறாத புண் என்பது எனக்கே தெரியவில்லை. எத்தனை ஏழைகளை "நாளைக்கு வாங்க" என்று வெயிலில் நடக்க விட்டேனோ, இறைவனுக்குத்தான் தெரியும்.

கடல்கோளுக்குப் பின் ஒருநாள் வயதான இஸ்லாமியத் தாய் ஒருவர் பேரப்பிள்ளையின் மரணப் பதிவு சம்பந்தமாக வந்தார். படிவத்தில் திகதி எழுதாமல் விட்டிருந்தார். வழமைபோல் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. "மகன், திகதி எனக்குத் தெரியும். எழுதத்தான் கை வருகுதில்ல" என்றார். எனக்கு என் அம்மாவின் சோற்றுக் கிண்ணம் கண்ணில் தெரிந்தது. எழுந்து தண்ணீர் கொடுத்து, அருகில் கதிரை போட்டு அமர்ந்தேன். அவர் பேரனைப் பற்றிச் சொன்னார். பதினான்கு வருடத்துக்குப் பின் முதன்முறையாக நானும் தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொன்னேன். அலுவலகம் மூடும் நேரம் வரை இருவரும் பேசினோம். திகதியை நான் எழுதினேன்.

அன்றுமுதல் நான் ஞானி ஆகிவிடவில்லை. ஆனால் விண்ணப்பத்தைத் திருப்புமுன் அதைக் கொண்டு வந்த முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஓர் எழுதுவினைஞனின் மனம் சற்று ஆறியதால் வரிசையில் நின்ற நூறு பேருக்கு இலேசாயிற்று. இதுவே அந்த இளைஞருக்கு நான் சொன்ன முதற் பதில். ஆசிரியர், வைத்தியர், பேருந்து நடத்துநர், தகப்பன் என்று ஒவ்வொருவரும் தன் ஆறாத புண்ணைத் தன் பதவிக்குள் கொண்டு போகின்றார். அது அங்கே பிறருக்குப் புண்ணாகின்றது.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். செத்தவீட்டில் அயலார் சமைத்துக் கொடுப்பதும், ஒப்பாரி வைத்து அழ விடுவதும், எட்டுச் செலவும், 31ஆம் நாள் அந்தியேட்டியும், வருடத் திவசமும், ஆடி அமாவாசையும் வெறும் சடங்குகள் அல்ல. துயரப்பட்டவரைத் தனியே விடாமல் படிப்படியாக ஊருக்குள் திரும்ப அழைத்து வரும் ஒழுங்கு அது. நம் கன்னியா வெந்நீரூற்றையே எடுத்துக் கொள்ளுங்கள். தாயை இழந்த இராவணன் அந்திமக் கிரியை செய்வதற்காகத் தோன்றியவை அந்த ஏழு கிணறுகள் என்பது ஐதீகம். பேரரசனுக்கும் அழுது முழுகி எழ ஓர் இடம் வேண்டியிருந்தது. இஸ்லாமியச் சகோதரர்களுக்கும் ஜனாஸாத் தொழுகை முதல் தமக்குரிய ஒழுங்குகள் உண்டு.

உடல் கிடைக்காதவர்களுக்குத்தான் இவ்வொழுங்கு உதவவில்லை. கிரியை செய்தால் பிள்ளையைத் தாமே கொன்றதாகிவிடும் என்று தாய்மார் அஞ்சுகின்றார்கள். என் அம்மாவை நாங்கள் வற்புறுத்தவில்லை. தம்பியின் பிறந்த நட்சத்திரத்தில் ஆலயத்தில் அன்னதானம் கொடுக்கச் சம்மதித்தாள். "இருந்தாலும் அவனுக்கு, இல்லாட்டியும் அவனுக்கு" என்றாள். மூடி வைத்த சோறு அன்றுதான் பிறர் வயிற்றுக்குப் போயிற்று.

மருத்துவர்களும் இதையே சொல்கின்றார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 2007இல் வெளியிட்ட ஆய்வில் "கூட்டு மனவடு" பற்றி எழுதினார். யுத்தமும் கடல்கோளும் தனி மனிதரை மட்டும் அல்ல, குடும்பத்தையும் ஊரின் உறவுகளையும் காயப்படுத்துகின்றன. நம்பிக்கை குறைகின்றது, மௌனம் பழகிவிடுகின்றது. ஆகவே ஒவ்வொருவருக்கும் மருந்து கொடுப்பதோடு ஊரின் கூடல்களையும் சடங்குகளையும் திரும்ப எழுப்ப வேண்டும் என்பது அவர் கருத்து. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒன்றாக விளையாடினார்கள், வரைந்தார்கள், கதை சொன்னார்கள். பிள்ளையின் மனம் ஆறுவதும் இரு சமூகங்கள் பழகுவதும் அங்கே ஒரே வேலையாக நடந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மனம் ஆறுதல் என்றால் மறத்தல் அல்ல, நீதி கேட்பதைக் கைவிடுதலும் அல்ல. காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அதன் பின்னும் தாய்மார் பதில் கேட்டுத் தெருவோரம் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் "பழசை விடுங்கோ" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிள்ளைகள் பாதுகாப்பாகக் களப்பைக் கடக்க வழி செய்யாமல், பிள்ளையை இழந்தவருக்குத் தியானம் கற்பிப்பதும் தர்மம் ஆகாது. ஆறிய மனம் கல்லெறியாது, ஆனால் கேட்க வேண்டியதைத் தளராமல் கேட்கும்.

இன்னொன்றையும் தாழ்மையுடன் சொல்கின்றேன். நாம் சைவர்கள், வினைப்பயனில் நம்பிக்கை உடையவர்கள். ஆனால் வினைக் கொள்கை என் வாழ்வை நான் பார்க்கும் கண்ணாடி. அடுத்தவர் துயரத்தின் மேல் எறியும் கல் அன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டு எழுந்து போகின்றோமே, அது ஆறுதல் அல்ல. நம் கடமையிலிருந்து நாம் தப்பிக் கொள்வது.

அப்படியானால் என்ன செய்யலாம்? அந்தியேட்டி முடிந்த பின்னும் அவ்வீட்டுக்குப் போவோம். அறிவுரை குறைத்து அருகில் அமர்வோம். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுவோம். குடியில் விழுந்தவனை ஏசுமுன் அவன் எதை இழந்தான் என்று கேட்போம். நித்திரையின்றி, உணவின்றி, வாழ்வில் வெறுப்புற்றிருப்போரை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்வோம். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். திருநீறும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. அன்னதானப் பந்தியில் யாரும் தனியே ஓர் மூலையில் அமராதபடி தொண்டர்கள் பார்த்துக் கொள்ளட்டும்.

அந்த இளைஞருக்கு இப்போது என் முழுப் பதில் இதுதான். தம்பி, தன் கவலையைச் சொல்லிக் கும்பிடுகின்ற அந்தத் தாய் ஊருக்காகவும்தான் கும்பிடுகின்றாள். அவள் மனம் ஆறினால் அவள் வீடு ஆறும், அயல் ஆறும். ஆனால் அவள் கும்பிட்டு முடிந்து திரும்பும்போது படிக்கட்டில் யாராவது அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். அது இறைவன் செய்ய வேண்டிய வேலை அல்ல, நாம் செய்ய வேண்டியது.