‘ஒயிட்’ என்றால் யார்?

1923 பிப்ரவரி 19 அன்று பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ‘சாதாரண மனிதனின் புரிதல்’ என்று ஒரு தொடர் வருகிறது. நூறாண்டு கழிந்தும் அந்தத் தொடரைக் கடந்து போக முடியவில்லை. திண்ட் பஞ்சாபில் பிறந்த சீக்கியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். 1918 டிசம்பரில் கிடைத்த குடியுரிமை நான்கே நாளில் பறிபோனது. மறுபடி விண்ணப்பித்துப் பெற்றார்; அதை எதிர்த்து அரசு வழக்காடியது. 1790-ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஒயிட்’ என்று கருதப்பட்ட வந்தேறிகளுக்கு மட்டுமே குடியுரிமையைத் திறந்து வைத்திருந்தது. 1870-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். இரண்டிலும் அடங்காதவருக்கு வழியில்லை. ஆகவே நீதிமன்றத்தின் முன் நின்றது ஒரே கேள்வி: திண்ட் ‘ஒயிட்’தானா?

மூன்று மாதம் முன்பு, 1922 நவம்பரில், இதே கேள்வியோடு ஜப்பானியரான தக்காவோ ஒசாவா வந்திருந்தார். இருபது ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்தவர், வீட்டில் ஆங்கிலம் பேசியவர். தோலின் நிறத்தை அளவுகோலாகக் கொள்ள முடியாது, ‘ஒயிட்’ என்பது காக்கேசிய இனத்தவரையே குறிக்கும் என்று சொல்லி அவரைத் திருப்பியனுப்பினார் நீதிபதி ஜார்ஜ் சதர்லேண்ட். திண்ட் தரப்பு அந்த அளவுகோலையே கையில் எடுத்தது. வட இந்தியரை அறிஞர்கள் பலர் காக்கேசியராகத்தான் வகைப்படுத்தியிருந்தார்கள். இப்போது அதே சதர்லேண்ட், அறிஞர்களின் வகைப்பாடு செல்லாது, சட்டத்தின் சொல்லைச் சாதாரண மனிதன் எப்படிப் புரிந்துகொள்கிறானோ அதுவே பொருள் என்று எழுதினார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கதவருகே வந்த ஆள் மாறினார், உடனே அளவுகோலும் மாறிவிட்டது.

அந்த வகைப்பாட்டுக்கும் பெரிய அஸ்திவாரம் இருந்ததில்லை. ‘காக்கேசியன்’ என்ற இனப்பெயர் பரவக் காரணமானவர் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரத்து உடற்கூறு அறிஞர் ப்ளூமன்பாக். அவரிடம் இருந்த மண்டையோடுகளில் ஜார்ஜியப் பெண் ஒருத்தியுடையதே மிக அழகானது என்று அவருக்குத் தோன்றியது. காகசஸ் மலைப்பகுதியின் பெயர் 1795-இல் இப்படித்தான் ஓர் இனத்தின் பெயரானது. அறிவியல் என்று சொல்லப்பட்டதில் பாதி ரசனை. அதை ஒதுக்கியதற்காக நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒதுக்கிவிட்டு எதைக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் உறுத்துகிறது. யார் அந்தச் சாதாரண மனிதன்? சாட்சிக் கூண்டில் அவனை ஏற்றிக் கேட்டவர் எவருமில்லை. சதர்லேண்டே இங்கிலாந்தில் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். அவர் ‘ஒயிட்’தானா என்று யாரும் கேட்டதில்லை.

புழக்கம்தானே சொல்லுக்குப் பொருள் தருகிறது, நீதிமன்றம் மக்களின் பேச்சைப் பின்பற்றியதில் என்ன பிழை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு சொல் யாரைப் பற்றியதோ அவர்களுக்கும் அந்தப் புழக்கத்தில் பங்கு வேண்டும். இங்கே உள்ளே இருப்பவர்களின் பேச்சு மட்டுமே கணக்கில் வந்தது. அந்தப் பேச்சில் இந்தியர் எல்லோரும் ‘இந்து’க்கள், சீக்கியரான திண்டையும் தீர்ப்பு அப்படித்தான் அழைக்கிறது. அவர் யார் என்றே சரியாகச் சொல்லத் தெரியாத பேச்சை, அவர் யாரல்லர் என்று தீர்ப்பதற்கு நம்பினார்கள். விளைவு கொடியது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களும் அதை இழந்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் நாடற்றவராகி, 1928-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதோடு நிறுத்தினால் அநீதி ஒரு பக்கம், அப்பாவி மறுபக்கம் என்று கணக்கு எளிதாக முடிந்துவிடும். ஆனால் திண்ட் தரப்பின் வாதத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. தான் உயர்சாதி, ஆரிய ரத்தம் என்றது அந்த வாதம். அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே உயர்சாதியினர் இந்தியப் பழங்குடியினரைப் பார்க்கிறார்கள் என்பதும் ‘ஒயிட்’ ஆக இருப்பதற்கு ஆதாரமாக முன்வைக்கப்பட்டது. சட்டம் விட்டிருந்த வழி குறுகியது, வழக்கில் இருப்பவன் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வான் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதியை அறிந்த யாரும் அந்தப் பக்கங்களை நிம்மதியாகப் புரட்ட முடியாது. ஒரு சொல்லுக்குள் நுழைய இன்னொருவர் மேலுள்ள இளக்காரத்தைச் சான்றாகக் காட்டினால், அந்தச் சொல்லின் கொடுமைக்கு நாமும் தோள் கொடுக்கிறோம்.

1935-இல் முன்னாள் படைவீரர்களுக்கென வந்த சட்டத்தால் திண்டுக்கு அடுத்த ஆண்டு குடியுரிமை கிடைத்தது. பிறகு காற்று திசை மாறியது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களை ‘ஒயிட்’ பட்டியலிலேயே சேர்த்தார்கள். அப்போது இந்தியச் சங்கங்கள் தனிப் பெயர் கேட்டன. சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு பெற அது தேவைப்பட்டது. 1980-இல் ‘ஏசியன் இந்தியன்’ என்று தனிக் கட்டம் வந்தது. திண்ட் போராடிக் கேட்ட சொல்லை அடுத்த தலைமுறை வேண்டாமென்றது. அடையாளச் சொல்லின் பொருள் அது எந்தக் கதவைத் திறக்கிறது என்பதில் இருக்கிறது என்ற என் வாதத்துக்கு இதுவும் சான்றுதான். ஆனால் அந்த வாதமே என்னை ஓரிடத்தில் மடக்குகிறது. திறக்கும் கதவைப் பார்த்துத்தான் பெயரைத் தேர்கிறோம் என்றால், 1923-இல் திண்ட் செய்ததையும் 1980-இல் சங்கங்கள் செய்ததையும் எதைக்கொண்டு வேறுபடுத்துவது? பின்னவர்கள் யாரையும் இழிவுபடுத்தவில்லை என்பது ஒரு விடை. அது போதுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை.