இயல்புநிலையும் அறமும்

ஒருவர் ஏதும் தெரிவு செய்யாதிருக்கும்போது அவருக்காகத் தெரிவு செய்பவர் யார்? அதற்கு அவருக்குள்ள உரிமை யாது? அரசு, சமயம், கல்வி ஆகிய பெருந்துறைகளில் இவ்வினா எழும்போது பற்றும் வெறுப்பும் குறுக்கிட்டுச் சிந்தனையைக் கலக்கிவிடுகின்றன. ஆதலின், உணர்ச்சிக்கு அதிகம் இடமில்லாத ஒரு சிறு பொருளைக் கொண்டு அதனை ஆராய்தல் பயனுடைத்து. கணனியில் எழுதுவோர் ஒரு சாளரத்திலிருந்து மற்றொரு சாளரத்திற்குச் செல்ல எந்த விசையை அழுத்த வேண்டும் என்பது அத்தகையதொரு பொருளாகும்.

எழுத்தையும் கணனி நிரலையும் ஆக்கித் திருத்த உதவும் செயலி உரைத்தொகுப்பி எனப்படும். அதன் திரையைப் பல சாளரங்களாகப் பிரிக்கலாம். ஒன்றில் மூலத்தையும் இன்னொன்றில் மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு ஒருவர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை இங்குமங்கும் செல்லக்கூடும். அதற்கான விசைகளைப் பயனர் தாமே அமைத்துக்கொள்ளலாம். அமைக்காதவிடத்து ஆக்கியோர் வகுத்தவையே செயற்படும். இவ்வாறு முன்னரே வகுக்கப்பட்டது இயல்புநிலை எனப்படுகின்றது.

இயல்புநிலைகள் பல, ஆழ்ந்த ஆய்வின் பயனாக அன்றி, சூழலின் பயனாகவே தோன்றின. 1976 ஆம் ஆண்டளவில் பேர்க்லியில் பில் ஜோய் உருவாக்கிய 'வீ-ஐ' என்னும் தொகுப்பியில் எச், ஜே, கே, எல் என்பன இடம், கீழ், மேல், வலம் எனும் திசைகளைக் குறித்தன. அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் அந்நான்கு விசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம். அம்முனையம் மறைந்துவிட்டது, பழக்கம் மறையவில்லை. 1991 இல் பிராம் மூலனார் வெளியிட்ட 'விம்' அவ்விசைகளைப் பேணியதோடு, பின்னர் சாளரங்கள் சேர்க்கப்பட்டபோது கொன்ட்ரோல்-டபிள்யூவை அழுத்தி அதன்பின் அத்திசை எழுத்துகளுள் ஒன்றை அழுத்தும் முறையையும் வகுத்தது. இன்று இணைய உலாவிகளில் கொன்ட்ரோல்-டபிள்யூ திறந்திருக்கும் பக்கத்தை மூடிவிடும். உலாவிக்குள் விம்மை இயக்கும் ஒருவர் அடுத்த சாளரத்திற்குச் செல்ல எண்ணித் தம் வேலை முழுவதையுமே மூடிவிட நேர்கின்றது.

1976 இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் றிச்சாட் ஸ்டோல்மன் முதலியோரால் தொடங்கப்பெற்ற 'ஈமாக்ஸ்' வேறு வழியை மேற்கொண்டது. கொன்ட்ரோல்-எக்ஸ், பின்னர் ஓ என அழுத்தினால் அடுத்த சாளரம் கிட்டும். இரண்டு சாளரங்களே உள்ளபோது இது போதுமானது. நான்கு இருப்பின், வேண்டிய சாளரத்தை அடைய மூன்று தடவை, அதாவது ஆறு அழுத்தங்கள் தேவைப்படலாம். 2001 இல் வெளிவந்த 21 ஆம் பதிப்பு, ஷிப்ட் விசையுடன் அம்புவிசையை அழுத்தி நேரே விரும்பிய திசைக்குச் செல்லும் வசதியைச் சேர்த்தது. ஆயினும் அது இயல்புநிலையாக்கப்படவில்லை. வேண்டுவோர் தாமே இயக்க வேண்டும். 2009 இல் 23 ஆம் பதிப்பு அதே விசைகளை, ஏனைய செயலிகளிற் போன்று, உரையைத் தெரிவு செய்வதற்கு இயல்புநிலையாக வழங்கிற்று.

இங்கு இரு தரப்பாரின் நியாயங்கள் மோதுகின்றன. பழகியோர் கூறுவது யாது? பழக்கம் வெறும் வசதியன்று. நற்பண்பும் பழக்கத்தினாலேயே உருவாகின்றது என அரிஸ்ரோட்டில் கருதினார். பல ஆண்டுகள் உழைத்து விரல்களில் ஏற்றிய திறன் ஒருவரது உடைமைக்கு ஒப்பானது. அதனை ஒரு புதிய பதிப்பின் மூலம் பயனற்றதாக்குதல் வாக்குமீறலாகும் என்பது அவர்கள் வாதம். புதியவர் பக்கத்தில் நிற்போரோ, இன்னும் வந்து சேராதவர்களுக்கு இவ்வவையில் வாக்கில்லை என்பதைச் சுட்டுவர். பழையவரின் வசதிக்காகக் கடினமான வாயிலைப் பேணினால், அதனாற் திரும்பிச் சென்றோரின் முறைப்பாடு எவர் செவிக்கும் எட்டுவதில்லை.

'வேண்டுமாயின் எவரும் மாற்றிக்கொள்ளலாமே. இதில் அறம் எங்கே வந்தது?' என்பர் சிலர். இவ்வாதம் வலுவுடையதாகத் தோன்றினும் நிலைக்கத்தக்கதன்று. மாற்றும் வழியை அறிந்தோர் திறமையாளர். இயல்புநிலையின் துணை அவர்க்கு அதிகம் வேண்டியதில்லை. அத்துணை வேண்டுவோரோ மாற்றலாம் என்பதையே அறியார். இயல்புநிலையின் வலிமை விசைப்பலகையோடு நிற்பதுமன்று. உறுப்புத்தானம் பற்றி 2003 இல் ஜோன்சன், கோல்ட்ஸ்டைன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, விரும்புவோர் பதிவு செய்ய வேண்டிய ஜேர்மனியில் இசைந்தோர் 12 சதவீதத்தினரே. மறுப்போர் பதிவு செய்ய வேண்டிய ஒஸ்திரியாவில் ஏறத்தாழ அனைவரும் இசைந்தோராகக் கொள்ளப்பட்டனர். இரண்டிலும் மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தது, விளைவோ வேறாயிற்று. எனவே, இயல்புநிலையை வகுப்போர் 'யாம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை' எனக் கூறிப் பொறுப்பினின்றும் நீங்கிவிட முடியாது.

அவ்வாறாயின் எவ்வடிப்படையில் வகுத்தல் தகும்? பெரும்பான்மையோரின் பெரும்பயன் எனும் பெந்தத்தின் அளவுகோல் இங்கு முழுமையாக உதவாது. நூறு பேருக்கு ஓர் அழுத்தம் மிச்சமாவதையும் ஒருவரின் சுண்டுவிரல் நாள்தோறும் நோவதையும் ஒரே தராசில் இடுதல் முறையன்று. 1971 இல் ஜோன் றோல்ஸ் முன்வைத்த 'அறியாமைத் திரை' என்னும் கருத்து கூடுதலாக உதவுகின்றது. வகுப்பவர், தாம் இரு கையும் உடையவரா, ஒரு கையாற் தட்டச்சு செய்பவரா, எந்நாட்டு விசைப்பலகையை உடையவர் என்பதை அறியாதவராகத் தம்மைக் கருதுவாராக. ஆங்கில விசைப்பலகையில் ஒரே அழுத்தத்தில் வரும் சதுர அடைப்புக்குறிக்கு ஜேர்மன் விசைப்பலகையில் இரு விசைகள் சேர வேண்டும் என்பது அப்போது அவர் நினைவுக்கு வரும். விம்மிலே தமிழில் எழுதிவிட்டு, விசைப்பலகையை ஆங்கிலத்திற்கு மாற்றாமலே கட்டளைநிலைக்குத் திரும்புபவரின் எச், ஜே, கே, எல் என்பன தமிழ் எழுத்துகளாகவே சென்றடைந்து செயலற்றுப்போகும் என்பதும் விளங்கும். இதற்கு மாற்றுவழி உண்டு. ஆயின் அதனைத் தேடி அமைக்கும் சுமை தமிழில் எழுதுபவர் மீதே விழுகின்றது.

இவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். வெற்றிடமாகவுள்ள விசைக்குப் பணி வழங்குவதற்குச் சிறு நன்மையே போதிய காரணமாகும். பிறர் கைப்பழக்கத்தில் உள்ள விசையை மாற்றுவதற்குப் பெருங்காரணம் வேண்டும். மாற்றும்போது முன்னறிவித்தலும் பழைய நிலைக்குத் திரும்பும் வழியைப் பேணுதலும் கடமையாகும். ஆக்கியோர் என்றும் தீண்டாத ஒரு பகுதியும் பயனருக்கு ஒதுக்கப்பட வேண்டும். கொன்ட்ரோல்-சீயைத் தொடரும் தனி எழுத்துகளைப் பயனருக்கென ஒதுக்கிய ஈமாக்ஸின் மரபு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இவ்வளவைகளால் நோக்குமிடத்து 2009 ஆம் ஆண்டின் முடிவு நியாயமானதே. திசைச் செலவு இயல்புநிலையாக இருந்ததில்லை. அதனைத் தாமே இயக்கியோர் தொடர்ந்தும் பயன்படுத்த முடிந்தது. புதியவரோ தமக்குத் தெரிந்த வழக்கத்தைக் கண்டனர். ஆனால் திசைச் செலவுக்கு வேறு விசை வழங்கப்படாமை குறையேயாகும். 2023 இல் வந்த 29 ஆம் பதிப்பிலும் அக்குறை நீங்கவில்லை. ஒரு விசையை ஒருவருக்கு வழங்கியபின், அதனாற் பெறாதுபோனவருக்கு யாது வழங்கலாம் எனக் கேட்பதும் வகுப்போர் கடமையாகும்.

எவ்விதம் வகுப்பினும் எவரேனும் ஒருவர் சிறிது இழப்பர். இழப்பே இல்லாத இயல்புநிலையை நாடுதல் வீண். இழப்பவரை அறிந்து, அவருக்குக் காரணங் கூறி, மீளும் வழியைத் திறந்து வைத்தலே இயலக்கூடிய நீதியாகும். ஒரு விசையின் பொருட்டு இதனைச் செய்யப் பழகாதோர், சட்டத்தின் பொருட்டும் நிறுவனத்தின் பொருட்டும் இதனைச் செய்வர் என எதிர்பார்த்தல் அரிது.