வலையும் நீர்நாயும்

சங்கப் புலவர்கள் மருதநிலத்தைப் பாடியபோது, பொய்கையில் வாளை மீனை இரையாகக் கொள்ளும் நீர்நாயையும் மறவாமல் பாடினார்கள். குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் அதனைக் காணலாம். இன்று செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நீர்நாய் எது என்று கேட்டால், கீரியா, நாயா என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பனமலைக் குன்றருகே கிடக்கும் ஏரி போன்றவை மழையை நம்பி நிறைபவை. நீர்நாய்க்கோ வற்றாத நீரும், வளை அமைக்கக் கரையும், மறைந்துகொள்ள நாணலும் வேண்டும். காவிரியிலும் மோயாற்றிலும் அது இன்னும் வாழ்கிறது.

வளர்ந்த நீர்நாய் ஒன்று நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிலோ மீன் தின்னும், குடும்பமாகவே வேட்டையாடும். நைலான் வலையில் சிக்கிய மீன் அதற்கு எளிய இரை. மீனை இழுக்கும்போது வலையும் கிழிகிறது. கடன்பட்டு வலை வாங்கிய மீனவனுக்கு விடியலில் மிஞ்சுவது மீன் தலையும் கந்தலுமே. அவன் அதனைத் திருடன் என்கிறான், கல்லெறிகிறான், சில இடங்களில் கொன்றும் விடுகிறான். அது பாவமா?

விடை கூறுமுன், கேட்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் உழைத்து ஆற்றைத் தூய்மை செய்தார்கள். 1990-களின் இறுதியில் நீர்நாய்கள் அந்நாட்டிற்குத் திரும்பின. மக்கள் கூடி நின்று படம் எடுக்கிறார்கள். குட்டிகள் பிறந்தால் மகிழ்கிறார்கள். ஆயினும் வளர்ப்புக் குளங்களிலிருந்த விலையுயர்ந்த கோய் மீன்களை அவை தின்றபோது, அதே நகரில் முணுமுணுப்பும் எழுந்தது. அழகுக்கு வளர்த்த மீனை இழந்தவருக்கே மனம் கசக்குமானால், அன்றாடச் சோற்றுக்கு மீனை நம்பியிருப்பவனிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

புனித பீட் எட்டாம் நூற்றாண்டில் எழுதிய புனித கத்பெர்ட்டின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இரவில் கடல்நீரில் நின்று செபித்துவிட்டுக் கரையேறிய துறவியின் பாதங்களை நீர்நாய்கள் மூச்சுக்காற்றால் சூடாக்கி, தம் மயிரால் துடைத்தனவாம். அழகிய நிகழ்ச்சி. ஆனால் அத்துறவியின் வலை எதுவும் அன்று கிழியவில்லை.

வங்கதேசத்தின் நரைல் பகுதியில், பழக்கிய நீர்நாய்களைக் கொண்டே மீனை வலைக்குள் விரட்டும் மீனவர்கள் உண்டு. அங்கே அது பங்காளி; நம்மூரில் வரப்புக்குச் சண்டையிடும் பங்காளி அன்று, உண்மையாகவே பங்கு பெறும் பங்காளி. ஆகவே பகை என்பது விலங்கின் இயல்பில் எழுதப்பட்டதன்று.

மீனவனின் கோபத்தைப் பாவமென்று தீர்ப்பிட நம்மால் இயலவில்லை. கொல்வதை நியாயமென்று கூறவும் இயலவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தடுக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா, உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், படைப்புகள் மனிதனுக்குப் பயன்படுவதால் மட்டும் மதிப்புப் பெறுவதில்லை என்று கற்பிக்கிறது. அதே மடல் ஏழையை மறந்து இயற்கையைப் பேசவும் இடம் தரவில்லை. நீர்நாயை நேசிக்கச் சொல்லி, அதற்கான விலையை மீனவன் தலையில் மட்டும் சுமத்துவது நேசமாகாது.

மேலும், மீன் குறைந்ததற்கு நீர்நாயா காரணம்? மணல் அள்ளிக் கரைகளைச் சரித்தவர் யார்? ஆற்றில் சாயக்கழிவைக் கலந்தவர் யார்? சென்னையை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் தின்றது போக எஞ்சிய நிலையில்தான், 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நகரம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய நீருக்காகவே மீனவனும் நீர்நாயும் மோதிக்கொள்கிறார்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மனை வாங்கும் நம் குடும்பங்கள், அது முன்பு ஏரிப் புறம்போக்காக இருந்ததா என்று ஒரு வார்த்தை விசாரிக்கின்றனவா?

கர்நாடக அரசு 2015-இல் துங்கபத்திரை ஆற்றின் 34 கிலோமீட்டர் நீளத்தை நீர்நாய்களுக்கான காப்பகமாக அறிவித்தது. நல்ல செயல்தான். யானை மிதித்த கரும்புக்கு இழப்பீடு கேட்டு மனு எழுதித் தர நாம் தயங்குவதில்லை. நீர்நாய் கிழித்த வலைக்காக நம்மில் யார் மனு எழுதித் தந்தோம்?