கடையை ஒப்படைக்குமுன் கணக்கை முடிப்போம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய திருத்தூதர் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

சம்பளத்துக்கு உழைப்பவருக்கு ஓய்வு பெறும் நாள் கடிதத்தில் வந்து சேருகிறது. வியாபாரிகளாகிய நமக்கு அப்படியொரு நாள் இல்லை. 1951-ல் தொடங்கிய ஊழியர் சேமநிதியில் நம் கடைச் சிப்பந்திக்காக மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். கடை முதலாளி தமக்காகக் கட்ட வேண்டுமென்ற கட்டாயம் இல்லை, விரும்பினால் கட்டலாம். நம்மில் பலரோ, கடை இருக்கையில் வேறென்ன வேண்டுமென்று இருந்துவிடுகிறோம்.

நம் முன்னோர் சபுர் வந்து பினாங்கில் கடை வைத்தார்கள். தள்ளாத வயதில் ரஜூலாக் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினால், ஊரில் வீடும் குடும்பமும் காத்திருந்தன. 1973-ல் அக்கப்பலின் ஓட்டமும் முடிந்தது. இன்று நம் மனைவி மக்கள், பேரப்பிள்ளைகள் யாவரும் மலேசியாவில்தான் இருக்கிறார்கள். ஆகவே முதுமைக்கான ஏற்பாட்டையும் நாம் இங்கேயே, நம் கையாலேயே செய்தாக வேண்டும்.

அவ்வேற்பாட்டில் தலையானது யாது? கடை யாருக்கு என்பதே.

பல வீடுகளில் நடப்பது இதுதான். மூத்த மகன் படிப்பை நிறுத்திக் கடைக்கு வருகிறான். இருபது ஆண்டுகள் உழைக்கிறான். சம்பளம் என்று ஒன்றுமில்லை. செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்கிறான். தகப்பனாரும், “எல்லாம் உனக்குத்தானே வாப்பா” என்று வாயால் சொல்லி வைக்கிறார். எழுத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் மவுத்தானதும் மற்றப் பிள்ளைகள் பங்கு கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். உழைத்தவன் மனம் கொதிக்கிறான். அதுவும் நியாயம். இரண்டு நியாயங்கள் மோதிக் கடை உடைகிறது. பெருநாளன்றுகூட உடன்பிறந்தார் ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. இதற்குக் காரணம் பிள்ளைகள் அல்லர், கணக்கை முடிக்காமல் போன தகப்பனாரே.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தகப்பனார், தம் மகனுக்கு ஓர் அன்பளிப்புச் செய்து, அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தாரா என்று நாயகமவர்கள் வினவினார்கள். இல்லையென்று அறிந்ததும் சாட்சியாயிருக்க மறுத்து, பிள்ளைகளிடையே நீதமாய் நடக்கும்படி பணித்தார்கள்.

அப்படியானால் உழைத்த மகனுக்கு ஒன்றுமில்லையா? உண்டு. அன்பளிப்பு வேறு, உழைப்பின் கூலி வேறு. அவனுக்குரிய கூலி நம் மீதுள்ள கடன். கூட்டாளியாக வைத்திருந்தால் அவன் பங்கு அவனுடைய சொத்து. ஆகவே கை நடுங்குமுன் ஒருநாள் பிள்ளைகள் அனைவரையும், பெண்மக்கள் உட்பட, உட்கார வைப்போம். ஜமாஅத்துப் பெரியவர் ஒருவரும் கணக்கறிந்தவர் ஒருவரும் உடனிருக்கட்டும். அவன் உழைப்புக்கு என்ன சேர வேண்டும், கடையில் எத்தனை பங்கு என்று தீர்த்து, எழுதி, பதிந்துவிடுவோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி பகரா சூராவின் 282-ஆம் ஆயத்தில் அல்லாஹு தஆலா கட்டளையிட்டிருக்கிறான். குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து அதுவே. வியாபாரிக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமோ!

எஞ்சியதே நம் சொத்து. நம் காலத்துக்குப்பின் முதலில் கடனும், அடுத்து மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத்தும் போக, மீதி வாரிசுகளுக்குரியது. மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்றே என்று மகளின் பங்கைக் கழிப்போர் உண்டு. கல்யாணச் செலவால் அல்லாஹ் விதித்த பங்கு தீர்ந்துவிடாது. சேமநிதியில் நாம் பெயர் எழுதி வைத்தவரும் அப்பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளரே.

கடையை ஒப்படைக்கலாம், குடியிருக்கும் வீட்டை அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம். எட்டில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு நம் மனைவி எங்கே குடியிருப்பாள் என்று எண்ணிப் பார்ப்போம். அவளுக்கு வீட்டை ஹிபாவாகக் கொடுக்க விரும்பினால் உடல்நலம் உள்ளபோதே, ஆலிம்களைக் கேட்டுச் செய்வோம். மரணப் படுக்கையில் கொடுப்பது ஹிபாவின் கணக்கில் சேராது. கடைக்கு மேல்மாடியிலேயே காலத்தைக் கழித்தவர்கள், படியேற வேண்டாத, பாங்கொலி கேட்கும் தூரத்தில் ஒரு சிறு வீட்டைப் பார்ப்பது நலம். தவாபும் ஸயீயும் ஏழேழு முறை. கால் வலுவோடிருக்கையில் தாபோங் ஹாஜியில் பெயர் பதிவோம். ஒப்படைத்த கடைக்குப் போனால், வாடிக்கைக்காரர் முன்னிலையில் மகனைத் திருத்தாதிருப்போம்.

இதையெல்லாம் செய்தால் சாவை அழைப்பதாகும் என்று அஞ்ச வேண்டாம். ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கடும் நோயில் கிடந்து, பெரும்பகுதிச் சொத்தைத் தர்மமாக எழுத அனுமதி கேட்டார்கள். மூன்றிலொன்று போதும், அதுவே அதிகம், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்லாதிருப்பதே மேல் என்று நாயகமவர்கள் அறிவுறுத்தினார்கள். ஸஅது (ரலி) அவர்களோ அந்நோயிலிருந்து எழுந்து, பின்னர் காதிஸிய்யாப் போரில் படைத்தலைமை ஏற்று, நெடுங்காலம் வாழ்ந்தார்கள்.

நாம் விட்டுச் செல்லும் கடை நம் மக்களை ஒன்றாகக் கட்டி வைக்கவும், நம் கணக்கு மறுமையில் இலேசாகவும் வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.