மூன்று தொழில், ஒரு மனச்சாட்சி

சித்திரம் தீட்டும் ஒருவர் பள்ளியிலே சித்திரம் கற்பிக்கிறார். ஊரிலே கண்காட்சி நடக்கும்போது எந்தப் படம் சுவரில் ஏறவேண்டும், எது வீடு திரும்பவேண்டும் என்று முடிவு செய்பவரும் அவரே. கலைஞர், ஆசிரியர், கண்காட்சி அமைப்பாளர் என்ற மூன்று தொழிலையும் ஒருவரே மேற்கொள்வது அறமாகுமா? இக்கேள்வியை எழுப்புவோர் பெரும்பாலும் நேரத்தையே கணக்கிடுகின்றனர். கற்பிப்பவர் எப்போது வரைவார், அமைப்பு வேலையில் அலைபவர் எப்போது சிந்திப்பார் என்பதே அவர்தம் கவலை. நேரக்குறைவைக் காட்டிலும், ஒரே கையில் குவியும் அதிகாரத்திற்கே நாம் அஞ்சவேண்டும் என்பது நம் கருத்து.

நேரத்தைப் பற்றிய அச்சத்திற்கு வரலாறே விடை கூறும். கே. சி. எஸ். பணிக்கர் 1957 முதல் 1967 வரை சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தோன்றியதில் முதன்மைப் பங்கு அவருடையது. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவிய வரிசை 1963இல், கல்லூரிப் பொறுப்பின் நடுவேதான் பிறந்தது. 1966இல் அவர் தலைமையிலே உருவான சோழமண்டலத்தில் ஓவியர்கள் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றுப் பிழைத்தனர். அந்த வருவாய் அவர்தம் ஓவியத்தைச் சந்தைக்குப் பணியாமல் காத்தது. சம்பளத்திற்குக் கற்பிப்பதும் அவ்வாறே. கலையை விலைபேசாதிருக்கும் பொருட்டு வேறொரு நேர்மையான உழைப்பை நாடுவதில் இழிவு யாதுமில்லை.

ஆயின், அதிகாரத்தின் செய்தி வேறு. மாணவனுக்குப் புள்ளியிடுபவரும், அவன் படத்தைத் தேர்பவரும், அதே சுவரில் தம் படத்தைத் தொங்கவிடுபவரும் ஒருவரேயானால், மாணவன் எதைக் கற்பான்? வாவியைப் பார்த்து வரையவேண்டியவன் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து வரைவான். அவர் விரும்பும் நீலத்தைத் தீட்டுவான். அவர் வெறுக்கும் கோட்டைத் தானாகவே அழிப்பான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் அவன் சுதந்திரம் பறிபோயிற்று. ஒரு வகுப்பறை முழுவதும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகிவிட்டது.

இச்சிக்கலுக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே, கல்முனைக்குச் செல்லும் வீதியில் அமைந்த தேற்றாத்தீவையும் அதன் அயலூர்களையும் எண்ணிப்பாருங்கள். இக்கரையின் கூத்து மரபிலே அண்ணாவியார் மூன்று தொழிலுக்கும் உரியவராக நிற்கிறார். மத்தளம் கொட்டிப் பாடும் கலைஞர் அவர். மாதக்கணக்கில் இளைஞருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கும் ஆசான் அவர். யார் எந்த வேடத்திற்குப் பொருந்துவர் என்று தேர்பவரும் அவர். ஆனால் அத்தேர்வு மூடிய அறையில் நிகழ்வதில்லை. சட்டங்கொடுத்தல் என்னும் நிகழ்ச்சியில், ஊர்ப் பெரியோர் முன்னிலையிலே பாத்திரங்கள் வழங்கப்படுகின்றன. சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என ஒவ்வொரு படியிலும் ஊரார் வந்து பார்க்கின்றனர், குறை சொல்கின்றனர். அரங்கேற்ற இரவிலே வட்டக்களரியைச் சுற்றி நான்கு புறமும் மக்கள் அமர்ந்திருக்க, அண்ணாவியார் அதே களரிக்குள் விடியும்வரை நிற்கிறார். அருச்சுனனாக ஆடிப் புகழ் பெறுபவன் அவருடைய மாணாக்கன். அவன் அடி பிழைத்தால் வெட்கம் இருவருக்கும் உரியது. தேர்ந்தவர் தம் தேர்வின் விளைவிலிருந்து தப்பிச் செல்ல அங்கே வழியில்லை.

இம்மரபைப் பொற்காலமாக்கிப் பாடுவது நம் நோக்கமன்று. பெண் வேடங்களையும் ஆண்களே ஆடினர். 'ஊர்' என்று சொல்லப்பட்டதற்குள் பெண்ணின் குரலும் ஒடுக்கப்பட்டோரின் குரலும் எவ்வளவு ஒலித்தன என்று நாம் கேட்டே தீரவேண்டும். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், மட்டக்களப்புச் சீலாமுனையிலே கிழக்குப் பல்கலைக்கழக ஆசிரியர் சி. ஜெயசங்கர் ஊராரோடு கூடிக் கூத்தை மீளுருவாக்க முனைந்தபோது, பழைய பனுவல்கள் பெண்ணையும் சாதியையும் சித்திரித்த முறையே விவாதத்திற்கு வந்தது. தேர்வு வெளிச்சத்தில் நிகழவேண்டும். அவ்வெளிச்சத்தில் நிற்போர் தொகையும் பெருகவேண்டும்.

சித்திரத்திலும் இது கைகூடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பித்துவந்த ஓவியர் தா. சனாதனன், 2011இல் 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். போரினால் இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீடுகளின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். தோம்பு என்பது காலனி ஆட்சியாளர் எழுதிய நிலப்பதிவேடு. இங்கோ பதிவுசெய்பவர்கள் வீட்டை இழந்த மக்களே. ஓவியரின் சித்திரம் அவர்தம் கோடுகளுக்கு மறுமொழியாகவே வருகிறது. தொகுக்கும் அதிகாரம் பெற்ற ஒருவர் தம் கையைப் பிறர் கைக்குப் பக்கத்தில் வைத்தார் என்பதே இதன் சிறப்பு.

தேற்றாத்தீவு தன் பெயரிலே தாங்கிய தேற்றா மரத்தின் விதையை நாம் அறிவோம். அதைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கிய நீரை ஊற்றினால், சேறு அடியிலே படிந்து நீர் தெளியும். தன் நிறத்தை அது நீருக்கு ஏற்றுவதில்லை. ஆசிரியத் தோழர்களே, நம்மிடம் கேட்கப்படுவதும் இவ்வளவே. அடுத்த கண்காட்சிக்குப் படம் தேரும்போது மாணவரையும் பெற்றோரையும் உடன் இருத்துவோம். விலக்கிய ஒவ்வொரு படத்திற்கும் காரணத்தை, அதை வரைந்த பிள்ளையிடமே வாய்திறந்து சொல்வோம். எல்லாப் படங்களும் ஏறிய பின்னர் இடம் எஞ்சினால் மட்டும் நம்முடைய படத்தைக் கொண்டுவருவோம்.