நினைவு தப்பிய பிறகு

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாவது அத்தியாயத்தில் ஒரு மரணப் படுக்கை வருகிறது. நோயில் விழுந்து கிடக்கிறான் ஒருவன். சுற்றிலும் உறவுக்காரர்கள். ஒவ்வொருவராகக் குனிந்து அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: என்னை அடையாளம் தெரிகிறதா?

இன்றைக்கும் நாம் அதைத்தானே கேட்கிறோம்? ஐ.சி.யூ. கதவைத் திறந்து ஒவ்வொருவராக உள்ளே விடுகிறார்கள். போகிறவர் நமஸ்காரம் பண்ணுகிறாரோ இல்லையோ, முதல் கேள்வி, "பெரியப்பா, நான் யாரு சொல்லுங்கோ?" மூக்கிலும் வாயிலும் குழாய் செருகியிருக்கிறது. அவர் எப்படிச் சொல்வார்? இருந்தாலும் கேட்கிறோம். அவருக்குத் தெரியவில்லை என்றால் நாமே இல்லாமல் போய்விட்ட மாதிரி ஒரு பயம்.

உத்தாலகர் தம் பிள்ளை சுவேதகேதுவுக்கு இந்தக் காட்சியைக் காட்டி, படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். முதலில் வாக்கு மனத்தில் ஒடுங்குகிறது. பேச்சு நின்றுவிட்டது, ஆனால் கண் பார்க்கிறது, பிள்ளையைப் பார்த்தால் நீர் வருகிறது. பிறகு மனம் பிராணனில் ஒடுங்குகிறது. இப்போது அடையாளம் தெரியாது, மூச்சு மட்டும் ஓடும். பிராணன் தேஜஸில் ஒடுங்குகிறது. மூச்சு நின்ற பிறகும் நெஞ்சில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்தக் கட்டம். கடைசியில் அந்தத் தேஜஸ் பரதேவதையிடம் சேர்கிறது. இவையெல்லாம் இப்படி ஒடுங்காத வரைக்கும் அவனுக்கு ஆள் தெரியும், ஒடுங்கிய பிறகு தெரியாது என்று உபநிஷத்து ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறது. பிரம்ம சூத்திரத்தில் நான்காம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதம் தொடங்குவதே இந்த ஒடுக்கத்தின் விசாரத்தோடுதான்.

ஆக, ஞாபகம் போகும். அதை சாஸ்திரமே ஒப்புக்கொள்கிறது. ஆன்மீகம் பேசுகிறவர்கள் சிலர் இந்த இடத்தில் தயங்குவார்கள். ஞாபகத்தை மூளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டால் ஆத்மாவே போய்விடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. உத்தாலகருக்கு அந்தப் பயம் கிடையாது. அதே அத்தியாயத்தில் பிள்ளையை வைத்து ஒரு சோதனையே செய்து பார்க்கிறார்.

சுவேதகேது பன்னிரண்டு வயசில் குருகுலம் போய் இருபத்துநான்கு வயசில் வேதம் எல்லாம் முடித்துத் திரும்பி வந்தவன். கொஞ்சம் கர்வம் வேறு. அப்பா சொல்கிறார்: பதினைந்து நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி. பையனும் அப்படியே இருக்கிறான். பதினாறாம் நாள் கூப்பிட்டு, ருக்கும் யஜுஸும் ஸாமமும் சொல் என்கிறார். ஒன்றுகூட வரவில்லை. பன்னிரண்டு வருஷம் நெட்டுரு போட்டது அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்கிறார். சாப்பிட்டுவிட்டு வந்ததும் கேட்டதெல்லாம் கடகடவென்று சொல்கிறான். மனம் அன்னமயம் என்று அப்பா அதற்கு முன்பே சொல்லியிருந்தார். பட்டினி கிடந்த பிறகுதான் பிள்ளைக்கு அது விளங்கிற்று.

சோற்றால் வருகிற ஞாபகம் சோறு நின்றால் போகத்தான் வேணும். அப்படியானால் போகாதது எது?

ஸ்ரீரங்கத்தில் அடியேனுக்குத் தெரிந்த ஒரு கிருஹத்தில் வயசான அம்மா ஒருத்தி இருந்தாள். மறதி வியாதி முற்றிப்போய், பெற்ற பிள்ளையையே "மாமா யாரு, எந்த ஊர்?" என்று கேட்பாள். மத்தியானம் சாப்பிட்டது சாயங்காலம் தெரியாது. ஒருநாள் மாட்டுப்பெண் மல்லிகை உதிரியை முறத்தில் கொட்டி வாழைநாரை நனைத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து பார்த்தால் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, நாரைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு தொடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. நடுநடுவே துளசி. பிசகே இல்லை. முழத்துக்கு ஒரு முழம் ஆனதும் கத்தரித்துத் தனியாக எடுத்து வைத்தாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "பெருமாளுக்குத்தான், பின்னே?" என்றாள். பிள்ளை பேர் தெரியவில்லை, முதல் முழம் யாருக்கு என்பது தெரிகிறது.

இதை பக்தியினால் மட்டும் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஹென்றி மோலெய்சன் என்று ஒருவர். வலிப்பு நோய்க்காக 1953-ல், அவருடைய இருபத்தேழாவது வயதில், மூளைக்குள் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை. 2008-ல் காலமாகும் வரை அப்படித்தான். பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். காகிதத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கும். தன் கையை நேரே பார்க்காமல், கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் ஓரமாகவே கோடு இழுக்க வேண்டும். முதலில் நம் யாருக்கும் வராது, கை எதிர்ப்பக்கம் போகும். மோலெய்சனுக்கு மூன்றே நாளில் நன்றாக வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதல் தடவையாகச் செய்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார். பழகிய ஞாபகம் இல்லை, பழக்கம் மட்டும் இருக்கிறது.

அந்தப் பழக்கமும் மூளையில்தானே இருந்தது, அவர் போன பிறகு அதுவும் போயிற்றே என்று விஞ்ஞானம் படித்த பிள்ளைகள் கேட்கலாம். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். மோலெய்சனைக் காட்டி மறுபிறவியை நிரூபிக்க அடியேன் வரவில்லை. ஞாபகம் வேறு, ஸம்ஸ்காரம் வேறு என்ற பிரிவு மட்டும் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. அந்த ஸம்ஸ்காரம் உடம்பைத் தாண்டியும் வருகிறது என்பதற்கு நமக்குப் பிரமாணம் சாஸ்திரம். பிருஹதாரண்யகம், புறப்படுகிற ஜீவனோடு அவனுடைய அறிவும் கர்மமும் முன்பழக்கமும் சேர்ந்து போகின்றன என்கிறது. கீதை பதினைந்தாம் அத்தியாயத்தில் கண்ணன், காற்று பூவிலிருந்து மணத்தை எடுத்துக்கொண்டு போவதுபோல ஜீவன் இந்திரியங்களை எடுத்துக்கொண்டு போகிறான் என்று சாதிக்கிறான். பூ போவதில்லை, மணம் போகிறது. பேரும் முகமும் வீட்டு விலாசமும் பூவோடு இங்கேயே தங்கிவிடும்.

போன ஜன்மம் ஞாபகம் இருக்கிறது என்று சொன்ன குழந்தைகள் உண்டே என்பீர்கள். டெல்லியில் சாந்தி தேவி என்ற சிறுமி, தான் மதுராவில் இன்னாருடைய மனைவியாக இருந்தவள் என்று சொன்னதையும், 1935-ல் ஒரு குழு அவளை மதுராவுக்கு அழைத்துப்போய் விசாரித்ததையும் பெரியவர்கள் பத்திரிகையில் படித்திருப்பார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இயான் ஸ்டீவன்சன் என்ற மனநல மருத்துவர் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடி ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். அவரே மறுபிறவியை 'நிரூபித்தேன்' என்று எழுதவில்லை, அதைச் சுட்டுகிற நிகழ்ச்சிகள் என்றுதான் எழுதினார். அந்த நிதானம் நம்மில் பலருக்கு இல்லை. அவர் பார்த்த இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வயசில் சொல்லத் தொடங்கி, பள்ளிக்கூடம் போகிற வயசு வந்து கொஞ்ச நாளில் மறந்துவிடுகிறார்கள். குழந்தை கர்ப்பத்தில் பழைய ஜன்மங்களை நினைத்துக்கொண்டிருக்கிறது, பிறக்கும்போது வாயு பட்டு மறந்துபோகிறது என்று கர்ப்போபநிஷத்தும் சொல்கிறது. அந்தச் சட வாயுவைக் கோபித்து ஒடுக்கியவர் என்றுதான் நம்மாழ்வாரைச் சடகோபர் என்கிறோம். ஆழ்வாருக்கு அது முடிந்தது. நமக்கு மறதிதான் அனுக்ரஹம். இந்த ஒரு ஜன்மத்துப் பங்காளிச் சண்டையையே சுமக்க முடியவில்லை, நூறு ஜன்மத்துச் சண்டையும் ஞாபகம் இருந்தால் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? உனக்கும் எனக்கும் எத்தனையோ ஜன்மங்கள் கழிந்தன, எனக்கு எல்லாம் தெரியும், உனக்குத் தெரியாது என்று அர்ஜுனனிடமே கண்ணன் சொல்லிவிட்டான்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். கீதை எட்டாம் அத்தியாயத்தில் கண்ணன், கடைசியில் எதை நினைத்து உடம்பை விடுகிறானோ அதையே அடைகிறான் என்கிறான். இதற்குப் பெயர் அந்திம ஸ்மிருதி. பரத மகாராஜா கதை தெரியும். ராஜ்யத்தையே விட்டுவிட்டுக் கண்டகி நதிக்கரைக்கு வந்து பகவானை ஆராதித்தவர். சிங்கம் கர்ஜித்த பயத்தில் நிறைமாத மான் ஒன்று ஆற்றைத் தாவிற்று, குட்டி தண்ணீரில் விழுந்தது. எடுத்து வளர்த்தார். புல் தின்றதா, நரி வந்ததா என்று அதே கவலை. கடைசி மூச்சிலும் மான்தான். மானாகப் பிறந்தார். ஆராதன பலத்தால் மான் ஜன்மத்திலும் அவருக்குப் பழைய ஞாபகம் இருந்தது என்கிறது ஸ்ரீமத் பாகவதம். அது ஆறுதலா தண்டனையா என்று அடியேனுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. புல்லை மேய்ந்துகொண்டே, ராஜாவாக இருந்ததையும் ரிஷியாக இருந்ததையும் கோட்டை விட்டதையும் நினைத்துக்கொண்டிருப்பது என்றால் சாமான்யமா?

பரதருக்கே இந்தக் கதி என்றால், மறதி வியாதியில் போகிறவர், கோமாவில் போகிறவர், லாரி மோதி ஒரு நொடியில் போகிறவர், இவர்களெல்லாம் எதை நினைப்பார்கள்? அந்தப் பூத் தொடுத்த அம்மா கடைசி பத்து நாள் கண்ணையே திறக்கவில்லை. அவளுக்கு அந்திம ஸ்மிருதி ஏது?

பெரியாழ்வார் அரங்கனைப் பார்த்து இந்தக் கவலையைத்தான் சொன்னார். கடைசியில் இளைத்துக் கிடக்கும்போது உன்னை நினைக்க என்னால் ஆகாது, அதனால் தெம்பாக இருக்கிற இன்றைக்கே சொல்லி வைத்துவிட்டேன், நீ பார்த்துக்கொள் என்று ஒரு முன்பதிவு செய்துவிட்டார். குலசேகரரும் முகுந்த மாலையில், கபமும் வாதமும் பித்தமும் தொண்டையை அடைக்கும்போது உன் ஸ்மரணம் எனக்கு எங்கிருந்து வரும் என்று கேட்கிறார். கேட்டவர்கள் இப்படிக் கேட்டார்கள், கேட்கப்பட்டவன் என்ன சொன்னான்?

அதற்கு முன்பே சொல்லி வைத்துவிட்டான். பூமிப் பிராட்டி நம் எல்லோருக்காகவும் வராகப் பெருமாளிடம் கேட்கிறாள். அவன் சாதிப்பது வராக சரம சுலோகம், வெறும் இரண்டு சுலோகம். மனசு தெளிவாக இருக்கும்போது, உடம்பு சுகமாக இருக்கும்போது, தாதுக்கள் சமமாக இருக்கும்போது, என்னை ஒருவன் நினைத்திருந்தானானால், பின்னாளில் அவன் சாகும் தறுவாயில் கட்டையாகவும் கல்லாகவும் கிடக்கையில் அவனை நான் நினைக்கிறேன், பரம கதிக்கு அழைத்துப் போகிறேன். கவனியுங்கள், அவனுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரும்படி செய்கிறேன் என்று இங்கே சொல்லவில்லை. நினைக்கிற வேலையையே தான் வாங்கிக்கொண்டுவிட்டான். ஸ்வாமி தேசிகன் இந்த இரண்டு சுலோகத்துக்காகவே ரஹஸ்ய சிகாமணி என்று தனியாக ஒரு கிரந்தம் அருளினார்.

ராமானுஜருக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. காஞ்சியில் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசிக்கொண்டிருந்த திருக்கச்சி நம்பியிடம், பெருமாளிடம் கேட்டுச் சொல்ல வேணும் என்று விண்ணப்பித்தார். பெருமாள் ஆறு வார்த்தை அருளினார். அதில் ஒன்று, சரணம் என்று வந்தவர்களுக்கு அந்திம ஸ்மிருதி வேண்டியதில்லை என்பது. பக்தியோகம் செய்கிறவன் தன் முயற்சியாலேயே கடைசி நினைவைக் கொண்டுவர வேண்டும். சரணாகதி பண்ணினவனுக்கு அது அவன் பொறுப்பு இல்லை. வெயிலும் புழுக்கமுமாக இருந்த ஒரு சன்னிதியில், விசிறிக்கொண்டே கேட்டு வாங்கிய பதில் இது. இன்றைக்கு எத்தனை ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை பேருக்கு இது தேவைப்படுகிறது!

ஆகையால் படுக்கையில் கிடக்கிறவரிடம் பரீட்சை வைக்காதீர்கள். அவர் உங்களை அடையாளம் சொல்லித்தான் மோக்ஷம் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான் உன் இரண்டாவது பிள்ளை, வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். காதில் திருநாமத்தைச் சொல்லுங்கள். அது அவருக்கு ஏறுகிறதோ இல்லையோ, சொல்கிற உங்களுக்கு உடம்பு சுகமாக இருக்கிற காலம் அது. வராகப் பெருமாள் கேட்டது அந்தக் காலத்தைத்தான்.

இன்னொரு கேள்வி சீட்டில் எழுதி வந்திருக்கிறது. ஒரு குழந்தை எழுத்துபோல் இருக்கிறது. "பாட்டிக்கு வைகுண்டத்தில் என்னை ஞாபகம் இருக்குமா?" பெரிய கேள்வி. விசிஷ்டாத்வைதத்தில் ஆத்மாவின் தர்மபூத ஞானம் இங்கே கர்மத்தால் சுருங்கிக் கிடக்கிறது, அங்கே எல்லையின்றி விரிகிறது. அழிவது என்பதே அதற்கு இல்லை. ஆனால் சாந்தோக்யம் எட்டாம் அத்தியாயத்தில், முக்தன் சிரித்துக்கொண்டும் விளையாடிக்கொண்டும் சஞ்சரிக்கிறான், பிறந்த இந்த உடம்பை நினைப்பதில்லை என்று இருக்கிறது. முதலில் படித்தால் கொஞ்சம் வலிக்கும். பாட்டி நம்மை மறந்துவிட்டாளா? மறந்தது முழங்கால் வலியையும் மாத்திரை டப்பாவையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அதே அத்தியாயத்தில், அதற்கு முன்னாலேயே, அவன் பித்ருக்களைக் காண விரும்பினால் நினைத்த மாத்திரத்தில் அவர்கள் எதிரே வந்து நிற்கிறார்கள், தாயை விரும்பினால் தாய், சகோதரனை விரும்பினால் சகோதரன், தோழனை விரும்பினால் தோழன் என்று வரிசையாக வருகிறது. சங்கல்பம் ஒன்றே போதும் என்று பிரம்ம சூத்திரமும் இதை எடுத்துப் பேசுகிறது. பேத்தியைப் பற்றித் தனியாக வாக்கியம் இல்லை, ஆனால் பாட்டி விரும்பினால் தடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

ஹிருதயத்திலிருந்து நூற்றொரு நாடி கிளம்புகிறது, அதில் ஒன்றுதான் தலையைப் பிளந்துகொண்டு மேலே போகிறது. அந்த வழியில் யார் யார் எதிர்கொண்டு அழைக்கிறார்கள் என்பதை நாளைக்குப் பார்ப்போம். இப்போது சாத்துமுறை, எல்லோரும் எழுந்திருக்கலாம்.