இல்லாத மாந்தர்மேல் அன்பு

நாவல் ஒன்றில் மனதைப் பறிகொடுக்கும் வாசகர் யாரை நேசிக்கிறார் என்பது மெய்யியலில் பழைய கேள்வி. 1975இல் பிரிட்டிஷ் தத்துவவாதி காலின் ராட்ஃபோர்ட் அதைக் கூர்மையாக்கினார். நாவல் நாயகியான அன்னா கரீனினா என்றொரு பெண் வாழ்ந்ததில்லை என்று தெரிந்தும் வாசகர் அவளுக்காக வருந்துகிறார். இந்த வருத்தம் இயல்பானதுதான், ஆனால் அறிவுக்குப் பொருந்தாதது என்றார். 1978இல் தத்துவவாதி கெண்டல் வால்டன் வேறு விளக்கம் தந்தார்: சிறுவர் விளையாட்டில்போல வாசகரும் 'அப்படியே வைத்துக்கொள்வோம்' என்று கதைக்குள் இறங்குகிறார், அச்சமும் பரிவும் அந்த விளையாட்டுக்குள் எழுபவை.

வரலாற்று நாவலில் சிக்கல் இரட்டிப்பாகிறது. மாந்தர் கற்பனை, அவர்களின் காலமும் மறைந்துவிட்டது. ஜான் ஃபௌல்ஸ் 1969இல் வெளியிட்ட 'த ஃபிரெஞ்ச் லெஃப்டினன்ட்ஸ் உமன்' இதற்குத் தக்க சான்று. 1867இல், இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான லைம் ரீஜிஸில் கதை தொடங்குகிறது. தொல்லுயிர் எச்சங்களுக்குப் பேர்போன அதன் கடலோரச் சரிவுகளில்தான் மேரி ஆனிங் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். டார்வினை ஏற்றுக்கொண்ட சார்லஸ் ஸ்மித்சன் அங்கே எச்சங்களைத் தேடி அலைகிறான். வேறொருத்திக்கு நிச்சயிக்கப்பட்ட அவன், துறைமுகக் கல்சுவரின் முனையில் கடலைப் பார்த்தபடி நிற்கும் சாரா உட்ரஃபைக் கண்டு தடுமாறுகிறான். ஃபிரெஞ்சு அதிகாரி ஒருவனால் கைவிடப்பட்டவள் என்று ஊர் அவளைத் தூற்றுகிறது.

டார்வினின் நூல் 1859இல் வந்தபின், எல்லாம் படைத்தவனின் திட்டப்படியே நடக்கிறது என்ற நம்பிக்கை பலருக்கு ஆட்டங்கண்டது. அந்த ஐயத்தை ஃபௌல்ஸ் தம் எழுத்தின்மீதே திருப்புகிறார். சாரா யார் என்ற கேள்வியோடு 12ஆம் அத்தியாயம் முடிகிறது. தமக்குத் தெரியாது என்று 13ஆம் அத்தியாயத்தைத் தொடங்கும் அவர், கதை முழுவதும் கற்பனையே என்றும் சொல்லிவிடுகிறார். விக்டோரிய நாவலாசிரியர் எல்லாம் அறிந்த கடவுளைப்போல் நின்றார். ஃபௌல்ஸுக்கோ, பிறரின் சுதந்திரத்துக்கு இடம்தரும் சுதந்திரமே கடவுள்.

55ஆம் அத்தியாயத்தில் ஆசிரியரே தாடிவைத்த பயணியாக ரயில் பெட்டியில் ஏறி, தூங்கும் சார்லஸை உற்றுப் பார்க்கிறார். இரண்டு முடிவுகளில் எதைக் கடைசியில் வைப்பது என்று காசைச் சுண்டுகிறார். ஒன்றில் காதலர் தம் குழந்தையோடு ஒன்றுகூட வழி திறக்கிறது, மற்றதில் பிரிகிறார்கள்.

வாசகரின் அன்பு, கதை நடந்தது என்ற நம்பிக்கையைச் சார்ந்திருந்தால் 13ஆம் அத்தியாயத்திலேயே அறுந்திருக்க வேண்டும். அப்படி அறுவதில்லை. சாரா இருந்தாளா என்பதல்ல, அப்படியொருத்தி இருக்கக்கூடும் என்பதே அந்த அன்புக்குப் போதுமானது. ஊர் சுமத்திய பழியையே ஒரு பெண் தன் சுதந்திரத்துக்கு வழியாக்கிக்கொள்ளலாம் என்பது, சாரா கற்பனை என்பதால் பொய்யாகிவிடாது. ஃபிரெஞ்சுக்காரனுக்குத் தன்னைத் தந்ததாக அவள் சொன்ன கதையே பொய் என்பதை எக்ஸெட்டரில் சார்லஸ் அறிகிறான். ஏன் சொன்னாள் என்று அவளாலும் விளக்க முடிவதில்லை. உயிரோடிருக்கும் மனிதரையும் முழுதாக அறிந்தபிறகே நேசிப்பது என்று யாரும் காத்திருப்பதில்லை.

இதற்கு நேர்மாறான அன்பும் நாவலில் உண்டு. பக்திக்குப் பேர்போன திருமதி பூல்ட்னி, தன் ஆன்ம மீட்புக்குப் புண்ணியக் கணக்கு சேர்க்கவே சாராவை வீட்டில் சேர்த்துக்கொள்கிறாள். சொற்படி நடக்காதபோது துரத்திவிடுகிறாள். அழகிய பழங்காலம் என்று விக்டோரிய யுகத்தைக் கொண்டாடும் வாசிப்பிலும் இந்தக் குறை உண்டு. அது அக்காலத்தைத் தன் ஏக்கத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த ஏக்கம் மறந்துவிடுவது இதை: கதை தொடங்கும் 1867, மார்க்ஸின் 'மூலதனம்' முதல் தொகுதி வெளிவந்த ஆண்டு; ஜான் ஸ்டுவர்ட் மில் பெண்களின் வாக்குரிமைக்காக நாடாளுமன்றத்தில் வாதாடிய ஆண்டு.

ராட்ஃபோர்ட் கண்ட முரண், நேசிக்கப்படுபவர் இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணத்தில் பிறக்கிறது. அன்பை அளக்க வேண்டியது எதிரில் இருப்பவரின் சுதந்திரத்தை அது எவ்வளவு மதிக்கிறது என்பதைக் கொண்டே. அந்த அளவுகோலில் சாராமேல் வாசகர் கொள்ளும் அன்பு மெய்யானது. திருமதி பூல்ட்னி காட்டிய பரிவு அவ்வாறன்று.